முன்னால் போகிற மூன்று பேர்

அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஏரிக்கரைப் பூங்காவுக்குப் போயே தீர வேண்டும். மழை வந்தால் குடையோடு போக வேண்டும். மூன்று பேர் முன்னால் நடப்பார்கள். நடுவில் அம்மா, ஒரு பக்கம் பெரியவள், இன்னொரு பக்கம் சின்னவள். நடைபாதையை அந்த மூன்று பேருக்கென்றே அளவெடுத்துப் போட்ட மாதிரி இருக்கும். யாரும் வேண்டுமென்று வழியை அடைத்துக்கொண்டு போவதில்லை, பல வருஷத்துப் பழக்கம் அப்படி. நான்காவது ஆள் பின்னால் வருவார். அவர் அந்த அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டு இரண்டு வருஷம் ஆகிறது.

அவருக்குப் பேக்கரியில் வேலை. முதலாளியில் தொடங்கி வேன் ஓட்டுகிறவர் வரைக்கும் அங்கே எல்லோருக்கும் அவர் மாஸ்டர். தெருவில் பார்க்கிறவர்களும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டு வாசலுக்கு வந்ததும் அந்தப் பெயர் செருப்போடு வெளியே நின்றுவிடும். மனைவி 'என்னங்க' என்பாள். அவளுடைய பெண்கள் இரண்டு பேரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அவர் இருக்கிற இடத்துக்கு வந்து, அவர் நிமிர்ந்து பார்க்கிற வரைக்கும் நின்று, அதற்கப்புறம் கேட்பார்கள். பெயரும் சொல்லாமல் முறையும் சொல்லாமல் ஒரு மனிதரோடு இரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருக்க முடியுமா என்றால் முடியும். கொஞ்சம் கூடுதலாக நடக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

பெண்கள் மரியாதை தெரியாதவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மரியாதைதான் அங்கே தொல்லையே. அந்த வீட்டில் பேச்சு என்றாலே திட்டுதான். 'குளிச்சுத் தொலை' என்று பெரியவள் சின்னவளை விரட்டுவாள். சின்னவள் 'போடி பேயே' என்பாள். அம்மா இரண்டு பேரையும் சேர்த்து வைத்து வாங்கு வாங்கென்று வாங்குவாள். 'சாவியை எங்க வெச்சுத் தொலைச்ச' என்று பெரியவள் அம்மாவையே கேட்பாள். இவ்வளவு திட்டிலும் ஒரு துளிகூட மாஸ்டர் மேல் தெறிக்காது. ஒரு நாள் அவர் பாலை அடுப்பில் வைத்துவிட்டு உட்கார்ந்தபடியே தூங்கிப்போய்ப் பாத்திரத்தைக் கரியாக்கிவிட்டார். பெரியவள் பாத்திரத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "பரவால்லைங்க, நான் தேய்ச்சுக்கறேன்" என்றாள். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை. நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருந்தால் இரண்டு கவளம் கூடவே சாப்பிட்டிருப்பார்.

அந்த மூன்று பேரின் நடையில் இன்னொரு விசேஷம் உண்டு. அவர்கள் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பெண்களைப் பெற்ற மனிதனின் வீட்டைவிட்டு அந்த அம்மா கிளம்பிய காலையில் சின்னவள் இடுப்பில் இருந்தாள், பெரியவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஜன்னலுக்கு ஜன்னல் ஆள் நின்று வேடிக்கை பார்த்தது. பின்னாலிருந்து அந்த மனிதன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். "நேரா பாத்து நட. யார் கூப்பிட்டாலும் திரும்பாத" என்று பெரியவளிடம் சொன்னாள் அம்மா. அன்றைக்குச் சொன்னது உடம்பிலேயே தங்கிவிட்டது. கடைக்குப் போனாலும் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் அந்த மூன்று கழுத்துகளும் பின்பக்கம் வளையாது.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் இதை மாஸ்டரிடம் ஒரே ஒரு முறை சொன்னாள். கேட்டுவிட்டு அவர் மனதுக்குள் ஒரு முடிவெடுத்தார். பின்னாலிருந்து இவர்களைக் கூப்பிடுகிற ஆளாக நான் ஒருநாளும் இருக்க மாட்டேன். நல்ல முடிவுதான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் நல்ல முடிவையும் கொஞ்ச காலம் கழித்து எடுத்துப் பார்த்து, இன்னும் உபயோகப்படுகிறதா என்று தட்டிப் பார்க்க வேண்டும். இவர் பூட்டி வைத்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டார்.

இந்த நிலைமையில்தான் நாய் வந்தது. வேன்காரர் வீட்டு நாய் போட்ட குட்டி அது. செம்பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் வெள்ளை. வந்த அன்றே சின்னவளின் பள்ளிக்கூடப் பையைக் கவ்விக் கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு இழுத்துக்கொண்டு போனது. "இஞ்சின்" என்று அவள் பெயர் வைத்தாள். வைத்த நேரமோ என்னவோ, வளர வளர எதைக் கட்டினாலும் இழுத்தது.

மாஸ்டர் இருட்டோடு கிளம்பிப் போகிறவர். மத்தியானம் அவர் திரும்பி வரும்போது மனைவி மருந்துக்கடையில் இருப்பாள், பெண்கள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். சாயங்காலம் எல்லோரும் வந்து வீடு கலகலப்பாகும் நேரத்தில் இவருக்குக் கண் சொக்கும். காலி வீட்டின் பூட்டைத் திறப்பது, சமையலறையில் நின்றபடியே சாப்பிடுவது, தட்டைக் கழுவிக் கவிழ்ப்பது என்று அவருடைய பகல் போய்க்கொண்டிருந்தது. நாய் வந்த பிறகு பூட்டில் சாவி நுழைவதற்குள் உள்ளே ரகளை தொடங்கிவிடும். கதவைத் திறந்தால் மேலே விழுந்து, சுற்றி ஓடி, தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்து, இத்தனை நேரம் எங்கே போயிருந்தாய் என்று ஊளையே விடும். மாஸ்டர் சட்டையைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்துகொள்வார். முழங்கையில் ஒட்டியிருக்கிற மாவை அது நக்கித் தீர்க்கும். அவர் வந்ததற்காக அந்த வீட்டில் சந்தோஷப்படுகிற ஒரே ஜீவன் அதுதான். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகவே பேக்கரியிலிருந்து குறுக்குச் சந்து வழியாக அரக்கப் பரக்க வருவார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூங்காப் படிக்கட்டில் கயிறு அம்மாவின் கையில் இருந்தது. கீழே ஒரு வாத்து கரையேறியது. இஞ்சின் பாய்ந்த பாய்ச்சலில் அம்மா மூன்று படி உருண்டு விழுந்தாள். மணிக்கட்டில் எலும்பு விரிசல். மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். "வீட்டுல ஒருத்தர் மாவோட திரிஞ்சது போதாதுன்னு இப்ப எனக்கும்" என்று அவள் சிரிக்கப் பார்த்தாள். பெரியவள் சிரிக்கவில்லை.

"குடுத்துடலாம்மா. இது உன்னைக் கொன்னுடும்" என்றாள்.

சின்னவள் அழுதாள். அம்மா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். "மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்போம். அன்னிக்குப் பூங்காவுக்குப் போய்த் திரும்பி வீடு வர்ற வரைக்கும் இழுக்காம நடந்துச்சுன்னா இருக்கட்டும். இல்லைன்னா வேன்காரர் வீட்டுக்கே போகட்டும். ஆளாளுக்குக் கையை ஒடிக்கறதுக்கா ஒரு நாயை வளக்கறோம்" என்றாள். பிறகு ஞாபகம் வந்தவளாக மாஸ்டரைப் பார்த்தாள். "நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் பழக்கிப் பாக்கறேன்" என்றார் மாஸ்டர்.  

"தேங்க்ஸ்ங்க" என்றாள் பெரியவள்.

செல்போனில் நாலைந்து வீடியோ பார்த்து அவர் கற்றுக்கொண்டது ஒரே ஒரு பாடம். கயிறு இறுகினால் நின்றுவிட வேண்டும். இழுக்கக் கூடாது, அதட்டக் கூடாது, அசையாமல் நிற்க வேண்டும். என்னடா இது, இந்த ஆள் ஏன் நின்றுவிட்டார் என்று நாய் ஒரு கட்டத்தில் திரும்பிப் பார்க்கும். பார்த்துவிட்டுப் பக்கத்தில் வரும். கயிறு தொய்ந்ததும் வாயில் ஒரு துண்டு தீனியைக் கொடுத்துவிட்டு நடக்கத் தொடங்க வேண்டும். இழுத்தால் எல்லாம் நின்றுவிடும், திரும்பிப் பார்த்தால் எல்லாம் நகரும் என்று நாயின் மண்டையில் ஏற வேண்டும்.

பேக்கரியில் உடைந்த ரஸ்க்குக்குப் பஞ்சமில்லை. ஒரு பை நிறையப் போட்டுச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு மத்தியான வெயிலில் கிளம்பினார். முதல் நாள் வீட்டு வாசலிலிருந்து எதிர்ச் சாரித் தையல்கடைக்குப் போய்ச் சேருவதற்குள் வெயில் இறங்கிவிட்டது. தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். "மாஸ்டர், நாயை நடத்திக் கூட்டிட்டுப் போறீங்களா, இல்லை என் கடைக்குக் காவல் நிக்கறீங்களா?"

"ரெண்டும்தான்" என்றார் மாஸ்டர்.

நாளாக ஆக இஞ்சினுக்குப் பிடிபட்டது. கயிறு இறுகியதும் தானே நின்றுவிடும். உடனே தலையைத் திருப்பி மாஸ்டரைத் தேடும். அவர் முகம் தெரிந்ததும் வாலை ஆட்டிக்கொண்டு பக்கத்தில் வந்துவிடும். அது திரும்பிப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் மாஸ்டருக்கு என்னவோ போல இருக்கும். பாடத்துக்காகத்தான் பார்க்கிறது, ரஸ்க்குக்காகத்தான் பார்க்கிறது என்று அவருக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மத்தியானப் படிப்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் காற்றில் போனது. மூன்று பேர் முன்னால் போகத் தொடங்கியதும் நாய்க்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. தன் ஆட்கள் தன்னை விட்டுவிட்டுப் போகிறார்களே என்று முன்கால்களைத் தூக்கிக்கொண்டு இழுத்தது. போதாததற்குச் சின்னவள் வேறு திரும்பாமலே விசில் அடித்து அதைக் கூப்பிட்டாள். அதன் அவசரம் மாஸ்டருக்கு நன்றாகப் புரிந்தது. அவருக்கும் இரண்டு வருஷமாக அதே அவசரம்தான், கழுத்தில் பட்டைதான் இல்லை. ஆனால் பாடம் பாடமாயிற்றே. கயிறு இறுகியது, அவர் நின்றார். மூன்று பேரும் பேசிக்கொண்டே போய் சைக்கிள் கடை முனையில் திரும்பி மறைந்தார்கள். நாய் முனகியது. மாஸ்டர் அசையாமல் நின்றார். இத்தனை நாளும் எட்டிப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தவர், இப்போது நாயைக் காப்பாற்றுவதற்காக அவர்களைப் போக விட வேண்டியிருந்தது.

அவரும் நாயும் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தபோது மற்றவர்கள் கட்டிக்கொண்டு வந்த சாப்பாட்டைச் சாப்பிட்டு முடித்திருந்தார்கள்.

"எங்க போயிட்டீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"பழக்கிட்டிருந்தேன். நேத்தெல்லாம் ரொம்ப அழகா நடந்துச்சு."

"நாங்க பாக்கலையேங்க" என்றாள் பெரியவள், மரியாதையாகத்தான். "உங்க பங்கு பையில இருக்கு. சாப்பிடுங்க."

அவர்கள் படகு பார்க்கக் கரைக்கு இறங்கிப் போனார்கள். மாஸ்டர் பெஞ்சில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார். தனிக்கட்டையாக இருந்த காலத்தில் அவர் வருஷக்கணக்கில் தனியாகச் சாப்பிட்டவர்தான். அப்போது அது ஒரு விஷயமாகவே தெரிந்ததில்லை. குடும்பத்தோடு வந்து தனியாகச் சாப்பிடுவது அப்படி இல்லை. பாதியை நாய்க்குப் போட்டார். அடுத்த ஞாயிறும் இதே கதை. அதற்கடுத்ததும் இதே கதை.

கடைசி ஞாயிறு நெருங்கியபோது வேன்காரர் ரொட்டித் தட்டுகளை அடுக்கிக்கொண்டே கேட்டார். "என்ன மாஸ்டர், முகம் செத்துக் கெடக்கு? நம்ம பிள்ளை திரும்பி வந்துடுமா?"

மாஸ்டர் விஷயத்தைச் சொன்னார். வேன்காரர் தட்டைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தார்.

"முன்னாடி போறவங்க போய்ட்டே இருந்தா அது இழுக்கத்தானே செய்யும்? அது இழுக்கறப்ப அவங்களும் நிக்கணும். கயிறு தொய்ஞ்சா அவங்களும் நடக்கணும். ஒரே நாள்ல கத்துக்கும். நிக்கச் சொல்லுங்க."

"சொல்லலாம்."

"சொல்லலாம்னா? சொல்லுங்க. வாயில என்ன மாவா வெச்சிருக்கீங்க?"

மாஸ்டர் அடுப்புக் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். பார்க்க அங்கே ஒன்றும் இல்லை.

கடைசி ஞாயிறு விடிந்தது. கிளம்புவதற்கு முன்பே வீட்டிலேயே சொல்லிவிடலாம் என்று அவர் கூடத்தில் வந்து நின்றார். பெரியவள் தன்னுடைய செருப்பைப் போட்டுக்கொண்ட சின்னவளைக் கிழித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் பதிலுக்குக் கிழித்துக்கொண்டிருந்தாள். அம்மா இரண்டு பேரையும் சேர்த்துக் கிழித்துக்கொண்டிருந்தாள். இடையில் ஒரு வார்த்தை செருக இடம் கிடைக்கவில்லை. கதவைப் பூட்டி ஆயிற்று, மூன்று பேரும் நடக்கத் தொடங்கி ஆயிற்று.

தையல்கடை வாசலிலேயே கயிறு இறுகிவிட்டது. மாஸ்டர் நின்றார். மூன்று முதுகுகள் போய்க்கொண்டிருந்தன. நாய் தொண்டை கட்டிப்போகிற மாதிரி இழுத்தது. நாளைக்கு மத்தியானம் பூட்டில் சாவியை நுழைக்கும்போது உள்ளே ஒரு சத்தமும் இருக்காது என்று அவர் நினைத்துப் பார்த்தார். அந்தச் சத்தமில்லாத வீட்டுக்குள் தட்டோடு நிற்கிற தன்னை நினைத்துப் பார்த்தார். அது அவருக்குத் தாங்கவில்லை.

"நில்லுங்க" என்றார்.

அது அவர் காதுக்கே கேட்கவில்லை. மூன்று பேரும் சைக்கிள் கடையை நெருங்கிவிட்டார்கள். இரண்டாவது முறை அவர் வாயைத் திறந்தபோது, மாவு பிசைகிற மிஷினுக்கு மேலே கேட்பதற்காக வருஷக்கணக்கில் பழக்கி வைத்திருந்த குரல் வந்தது. "நில்லுங்க."

தெருவே நின்றது. தையல்காரரின் கத்தரிக்கோல் துணியின் நடுவில் நின்றது. யாரோ ஒருவர் சைக்கிளிலிருந்து காலை ஊன்றிவிட்டார். முன்னால் போன மூன்று பேரும் நின்றார்கள், ஆனால் திரும்பவில்லை. அம்மாவின் தோள் இரண்டும் மேலே ஏறி அப்படியே இருந்தன. மாஸ்டருக்கு உயிரே போய்விட்டது. எந்த ஆளாக இருக்க மாட்டேன் என்று சபதம் செய்தாரோ அந்த ஆளாகவே தெரு நடுவில் நிற்கிறார்.

ஆட்கள் நின்றுவிட்டதால் நாயும் இழுப்பதை நிறுத்தியது. கயிறு தொய்ந்தது. அவர் வேகமாகப் போய் அந்த மூன்று முதுகுகளிடம் பேசினார். "தப்பா நினைச்சுக்காதீங்க. நாய்க்காகத்தான். அது இழுத்தா நான் சொல்றேன், நீங்களும் நின்னுடணும். கயிறு தொய்ஞ்சதும் நடக்கலாம். அப்பதான் அதுக்குப் புரியும்."

அம்மாவின் தோள் மெதுவாக இறங்கியது. "சரிங்க. சொல்லுங்க, நிக்கறோம்" என்றாள், முன்னால் பார்த்தபடியே. "நீ விசில் அடிச்சே, தொலைச்சுடுவேன்" என்று சின்னவளிடம் சொன்னாள்.

நில்லுங்க என்றால் நின்றார்கள், நடங்க என்றால் நடந்தார்கள். தெருவில் போகிறவர்கள் இதென்ன ஊர்வலம் என்று பார்த்தார்கள். சைக்கிள் கடையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே இஞ்சினுக்கு விஷயம் விளங்கிவிட்டது. இழுத்தால் முன்னால் போகிற மூன்று பேரும் கிடைக்க மாட்டார்கள், தொய்வாக நடந்தால் கிடைப்பார்கள். பூங்கா வாசலுக்கு எல்லோரும் சேர்ந்தே போய்ச் சேர்ந்தார்கள். பொட்டலங்களை ஒன்றாகப் பிரித்தார்கள். வாத்துகளைப் பார்த்தும் நாய் கயிற்றை இறுக்கவில்லை, உடம்பு மட்டும் நடுங்கியது.

திரும்பும்போது பெரியவள் வந்து, மாஸ்டர் நிமிர்ந்து பார்க்கிற வரைக்கும் நின்றாள். "நான் பிடிக்கறேங்க. யார் பிடிச்சாலும் ஒழுங்கா நடக்குதான்னு பாக்கணும்ல?"

நியாயம்தானே. மாஸ்டர் கயிற்றைக் கொடுத்தார். 

இப்போது முன்னால் நாலு பேர். பெரியவளின் பக்கத்தில் வெள்ளைக் காதை ஆட்டிக்கொண்டு, கயிறு வளைந்து தொங்க, நாய் பாடம் தவறாமல் நடந்தது. மாஸ்டர் பின்னால் வெறுங்கையோடு வந்தார். பெருமையாக இருந்தது. அழுகையாகவும் இருந்தது. பழக்கியாகிவிட்டது, இனிமேல் அதற்கும் முன்னால் ஓர் இடம் கிடைத்துவிட்டது. இத்தனை நாள் கயிறு என்று ஒன்று கையில் இருந்ததால், பின்னால் வருவதற்கு ஒரு காரணம் இருந்தது. இன்றைக்கு அதுவும் இல்லை. அவர் நடை தானாகவே தளர்ந்தது. எட்டிப் பிடிக்கத் தோன்றவில்லை. சட்டைப்பைக்குள் கை போனபோது ரஸ்க் துண்டு அகப்பட்டது. நாய்க்கென்று வைத்திருந்ததை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். அது நமத்துப்போயிருந்தது.

தையல்கடைக்கு இந்தப் பக்கம் பெரியவள் நடையை எட்டிப் போட்டிருக்க வேண்டும். கயிறு இறுகியது. இறுகினால் என்ன செய்ய வேண்டும் என்று இஞ்சினுக்கு மாஸ்டர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அது நின்றது. தலையைத் திருப்பி அவரைத் தேடியது. பக்கத்தில் அவர் இல்லை. உடம்பு முழுவதையும் திருப்பித் தெருக்கோடி வரை பார்த்தது. தொலைவில் அவரைக் கண்டதும் அப்படியே அவரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டது.

"ஏய், வா" என்றாள் பெரியவள், முன்னால் பார்த்தபடியே. வரவில்லை. கயிற்றைச் சுண்டினாள். மரம் மாதிரி உட்கார்ந்திருந்தது. வேறு வழியில்லாமல் பெரியவள் திரும்பினாள். என்னவென்று பார்க்கச் சின்னவள் திரும்பினாள். கட்டுப் போட்ட கையை மார்போடு பிடித்துக்கொண்டு அம்மாவும் திரும்பினாள்.

தெருவில் மாஸ்டர் இதுவரைக்கும் அவர்களை முதுகாகத்தான் பார்த்திருக்கிறார். மூன்று முகங்களும் சேர்ந்து அவரைப் பார்த்ததும் வாயில் ரஸ்க்கோடு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். திருடி மாட்டிக்கொண்டவர் மாதிரி இருந்தது. நாய் கடைசி நேரத்தில் காரியத்தைக் கெடுத்துவிட்டதே என்றும் பயமாக இருந்தது.

"இழுத்துச்சா?" என்று அம்மா கேட்டாள்.

"இழுக்கலை. நிக்குது" என்றாள் பெரியவள்.

"அவர் வரணுமாம்" என்றாள் சின்னவள்.

பெரியவள் நாயைப் பார்த்தாள். மாஸ்டரைப் பார்த்தாள். கயிற்றை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, அவருக்கும் தனக்கும் நடுவில் இருந்த தூரத்தை ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"அங்க நின்னு என்னதான் பண்றீங்க? ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை இனிமே நாங்க இப்படி நடுரோட்டுல உங்களுக்காகக் காவல் நிக்கணுமா? கொஞ்சம் எட்டி நடந்து தொலைங்களேன்."

"ஏய், என்ன பேச்சு இது" என்று அம்மா தொடங்கினாள். மாஸ்டரின் முகத்தைப் பார்த்ததும் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

"இதோ வந்துட்டேன்" என்றார் மாஸ்டர். ரஸ்க் துகள் வாயிலிருந்து சட்டையில் உதிர்ந்தது. ஓடியே போய்விட வேண்டும் என்றுதான் நினைத்தார். கண் கலங்கிப் போனதில் முதல் அடி எங்கே வைப்பதென்று தெரியாமல் தடுமாறினார்.

"சீக்கிரம்" என்றாள் பெரியவள்.